புலியை மடக்கும் ஆடுகள்: கண்ட்ரோல் டெக்கின் பலமும் பலவீனமும்

(தோ பாயோவில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

லோரோங் 8 காளியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு நேரே இங்கு வந்திருக்கும் பெரியவர்களுக்கு வணக்கம். பிள்ளையைத் தனியே அனுப்ப மனமில்லாமல் கூடவே வந்திருக்கும் தாய்மார்களுக்கு வணக்கம். மடியில் டெக் பெட்டியை வைத்துக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் இளையருக்கும் வணக்கம். இன்றைய பேச்சு முக்கியமாக உங்களுக்குத்தான்.

"சீட்டாட்டத்தைப் பற்றியா சொற்பொழிவு?" என்று முன்வரிசையில் ஓர் ஐயா பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டது என் காதில் விழுந்தது. ஐயா, இது காசு வைத்து ஆடும் சீட்டு இல்லை. கணக்கும் பொறுமையும் வைத்து ஆடுவது. 1993-ஆம் ஆண்டு ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற கணித முனைவர் உருவாக்கிய 'மேஜிக்: த கேதரிங்' என்ற ஆட்டம். உலகின் பல ஊர்களில் சனி ஞாயிறுகளில் நூற்றுக்கணக்கானவர்கள் மண்டபம் நிறைய உட்கார்ந்து இதை ஆடுகிறார்கள். நம் சிங்கப்பூரிலும் ஆடுகிறார்கள். இன்று இந்த ஆட்டத்தில் ஒரே ஒரு வகை டெக்கைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறேன். அதன் பெயர் கண்ட்ரோல் டெக். அதன் பலம் என்ன? பலவீனம் என்ன? ஒன்றைக் கையில் கொடுத்தால் அதை எப்படி எடைபோடுவது?

முதலில் ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்குக் குறைந்தது 60 கார்டு. அடிப்படை லேண்ட் எனப்படும் கார்டுகளைத் தவிர, ஒரே பெயர் கொண்ட கார்டு நான்குக்கு மேல் கூடாது. தொடக்கத்தில் கையில் ஏழு, மீதி கவிழ்த்து வைத்த கட்டு. ஆளுக்கு 20 உயிர்ப்புள்ளி. ஒவ்வொரு சுற்றிலும் கட்டிலிருந்து ஒரு கார்டு எடுத்து, ஒரு லேண்ட் கீழே வைக்கலாம். அந்த லேண்டிலிருந்து மானா கிடைக்கும், மானாவைச் செலவழித்துத்தான் மற்றக் கார்டுகளை இறக்க முடியும். எதிராளியின் 20 புள்ளியைத் தீர்த்தால் வெற்றி. கட்டில் கார்டு தீர்ந்துபோய், எடுக்க வேண்டிய நேரத்தில் எடுக்க முடியாமல் நின்றால் தோல்வி. அவ்வளவுதான்.

இதில் ஒருவர் முதல் சுற்றிலிருந்தே சின்னச் சின்ன மிருகங்களை இறக்கி அடித்துக்கொண்டே வருவார். அது அக்ரோ. இன்னொருவர் அவசரப்பட மாட்டார். நீங்கள் இறக்குவதை அழிப்பார், இறக்கப் போவதைத் தடுப்பார், இடையிடையே கூடுதலாக ஒரு கார்டு எடுத்துக்கொள்வார். கடைசியில் உங்கள் கை காலியாக இருக்கும், அவர் கையில் ஏழு கார்டு இருக்கும். அது கண்ட்ரோல்.

பெரியவர்களுக்கு இது புதிதா? ஊரில் கோயில் மண்டபத்துக் கல்தரையில் கோடு கீறி ஆடுபுலி ஆட்டம் ஆடியவர்கள் இங்கே எத்தனை பேர்? பாருங்கள், கை உயர்கிறது! புலி மூன்று, ஆடு பதினைந்து. புலிக்குத் தாண்டி வெட்டுகிற வேகம் உண்டு. ஆட்டுக்கு வெட்டத் தெரியாது. ஆனால் ஆட்டுக்காரர் ஒவ்வொன்றாக இறக்கி, இடைவெளியை அடைத்து, கடைசியில் மூன்று புலியும் நகர வழியில்லாமல் செய்துவிட்டால் ஆட்டம் அவருடையது. எப்போது ஆட்டுக்காரர் தோற்பார்? பெரும்பாலும் தொடக்கத்தில்தான். பதினைந்தும் பலகைக்கு வந்து சேருமுன் நான்கைந்தை வெட்டு கொடுத்துவிட்டால், பிறகு எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும் அடைக்க ஆள் போதாது. கண்ட்ரோல் டெக் ஆடுகிறவர் ஆட்டுப் பக்கம் உட்கார்ந்திருப்பவர். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும்.

இப்போது என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கண்ட்ரோல் டெக்கை, அது ஜெயித்த ஆட்டங்களை வைத்து எடைபோடாதீர்கள். ஜெயிக்கும்போது எல்லாக் கண்ட்ரோல் டெக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும், எதிராளி கைகட்டி உட்கார்ந்திருப்பார், பார்க்க அழகாக இருக்கும். அது எப்படித் தோற்கிறது என்று பாருங்கள். எத்தனையாவது சுற்றில் தோற்கிறது? கையில் என்ன கார்டு மிச்சம் இருக்கும்போது தோற்கிறது? யாரிடம் தோற்கிறது? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் டெக்கைத் தெரிந்துகொண்டீர்கள்.

பலத்தைப் பார்ப்போம். பெரிய பலம், கார்டுக் கணக்கு. 'ராத் ஆஃப் காட்' என்று ஒரு கார்டு, 1993-இல் வந்த முதல் தொகுப்பிலேயே இருப்பது. நான்கு மானா. மேசையில் இருக்கும் அத்தனை மிருகமும் அழியும், உங்களுடையது உட்பட. எதிராளி மூன்று கார்டு செலவழித்து மூன்று மிருகம் இறக்கியிருக்கிறார். நீங்கள் ஒரே கார்டில் மூன்றையும் துடைத்துவிட்டீர்கள். உங்களுக்கு இரண்டு கார்டு லாபம். கண்ட்ரோல் டெக்கில் மிருகமே குறைவு, அதனால் இழப்பும் இல்லை. இந்தக் கணக்கை முதலில் ஒரு தத்துவமாகவே ஆக்கியவர் பிரையன் வைஸ்மன் என்ற அமெரிக்க ஆட்டக்காரர். 1990-களின் நடுவில் அவர் கட்டிய டெக்குக்குப் பெயரே 'த டெக்'. எதிராளியை அடித்து முடிக்க அவர் வைத்திருந்தது இரண்டே இரண்டு 'செரா ஏஞ்சல்'. மீதியெல்லாம் தடுப்பும் அழிப்பும் கார்டு எடுப்பும். அன்றைக்கு இது பலருக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்திருக்கும். அறுபது கார்டில் அடிக்கிறது இரண்டா? ஆனால் எதிராளியிடம் ஒன்றுமே மிச்சமில்லாதபோது அந்த இரண்டில் ஒன்று வந்தால் போதும் அல்லவா?

இரண்டில் ஒன்றுகூட வேண்டாம் என்ற காலமும் வந்தது. இதைச் சொல்லாமல் போக மாட்டேன், எனக்கு மிகப் பிடித்த இடம் இது. 2018-இல் 'டெஃபெரி, ஹீரோ ஆஃப் டொமினேரியா' என்ற கார்டு வந்தது. ஐந்து மானா. ஒரு சுற்றுக்கு ஒரு வேலை செய்வார். ஒரு கார்டு எடுத்துக் கொடுத்து, சுற்று முடிகையில் இரண்டு லேண்டைத் திரும்ப நிமிர்த்தி வைப்பார். அல்லது லேண்ட் அல்லாத எந்தக் கார்டையும் மேசையிலிருந்து தூக்கி, அதன் சொந்தக்காரர் கட்டில் மேலிருந்து மூன்றாவதாகச் செருகுவார். இந்த இரண்டாவது வேலையை யார் மேல் செய்யலாம்? டெஃபெரி மேலேயே செய்யலாம்! சிலர் அடிக்கிற மிருகம் ஒன்றுகூட வைக்காமல் டெக் கட்டினார்கள். எதிராளி இறக்குவதையெல்லாம் தடுத்துக்கொண்டே இருப்பார்கள். தங்கள் கட்டு தீரும் நேரம் வந்தால் டெஃபெரி தன்னையே கட்டுக்குள் செருகிக்கொள்வார். அதனால் அவர்கள் கட்டு தீராது. எதிராளியின் கட்டு தீரும். எடுக்கக் கார்டில்லாமல் அவர் தோற்பார். அடிக்காமலே ஜெயிப்பது! எதிரே உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது எவ்வளவு எரிச்சல் என்பதை ஆடியவர்களைக் கேளுங்கள்.

இவ்வளவு பலம் இருந்தால் எல்லோரும் இதையே ஆட வேண்டியதுதானே? ஏன் ஆடுவதில்லை? இங்கேதான் பலவீனத்துக்கு வருகிறோம். இங்கேதான் நான் கொஞ்சம் நின்று பேசப் போகிறேன்.

முதல் பலவீனம் கணக்கிலேயே இருக்கிறது. நான்காம் சுற்றில் 'ராத்' போட வேண்டும். அதற்கு நான்கு லேண்ட் வேண்டும், கையில் 'ராத்' வேண்டும். நீங்கள் இரண்டாவதாகத் தொடங்குகிறவர் என்றால் நான்காம் சுற்றுக்குள் பதினொரு கார்டு பார்த்திருப்பீர்கள். டெக்கில் 22 லேண்ட் வைத்திருந்தால், அந்தப் பதினொன்றில் நான்கு லேண்டாவது இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 64. லேண்டை 26 ஆக்கினால் அது 80 ஆகிறது. அதனால்தான் கண்ட்ரோல் ஆடுகிறவர்கள் 26, சில சமயம் 27 லேண்ட் வைக்கிறார்கள். சரி, லேண்ட் வந்துவிட்டது. 'ராத்' வந்ததா? நான்கு பிரதி வைத்திருந்தால் பதினொரு கார்டுக்குள் ஒன்றாவது வரும் வாய்ப்பு நூற்றுக்கு 57 கூட இல்லை. பாதிக்குக் கொஞ்சம் மேல்! அதை நம்பியா தோளை உயர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்? அதே வேலையைச் செய்யும் இன்னொரு கார்டையும் நான்கு பிரதி சேர்த்து எட்டாக்கினால் 82 ஆகும். ஆனால் மெதுவாக ஆடும் எதிராளியிடம் அந்த எட்டும் கையில் தூங்கும். ஒரு பக்கம் கூட்டினால் மறு பக்கம் இடிக்கும். டெக் கட்டுவது முழுக்க இந்த இழுபறிதான்.

அதனால் இளையர் யாராவது என்னிடம் டெக் பட்டியலைக் காட்டினால், நான் முதலில் பெரிய கார்டுகளைப் பார்ப்பதில்லை. டெஃபெரி எத்தனை, ஏஞ்சல் எத்தனை என்று எண்ணுவதில்லை. லேண்டை எண்ணுவேன். பிறகு இரண்டு மானாவும் அதற்குக் கீழும் உள்ள கார்டுகளை எண்ணுவேன். ஆட்டுக்காரர் தோற்பது தொடக்கத்தில் என்றோமே, அந்தத் தொடக்கத்தைத் தாண்ட வைப்பவை இவைதாம்.

இரண்டாவது பலவீனம் இன்னும் ஆழமானது. அடிக்கிறவர் கேள்வி கேட்கிறவர், தடுக்கிறவர் பதில் சொல்கிறவர். கேள்வியில் தப்பான கேள்வி என்று ஒன்று கிடையாது. அடிக்கிற மிருகம் எதுவானாலும் அடிக்கும். ஆனால் பதில் தப்பாகிவிடும். மிருகத்தைக் கொல்லும் கார்டை ஆறு வைத்திருக்கிறீர்கள், எதிராளி மிருகமே வைக்காதவர். என்ன ஆகும்? ஆறு கார்டும் வெறும் காகிதம். 'மானா லீக்' என்று ஒரு தடுப்பு. இரண்டு மானாதான். எதிராளி கூடுதலாக மூன்று மானா கட்டாவிட்டால் அவர் கார்டு தடுக்கப்படும். மூன்றாம் சுற்றில் அது தங்கம். பத்தாம் சுற்றில் எதிராளியிடம் லேண்ட் குவிந்து கிடக்கும், மூன்றைக் கட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். அதே கார்டு, அதே கை, மதிப்பு மட்டும் கரைந்துவிட்டது. சில எதிராளிகளிடம் தடுக்கவே முடியாது. 2012-இல் வந்த 'கேவர்ன் ஆஃப் சோல்ஸ்' ஒரு லேண்ட். அதன் மானாவில் இறங்கும் தேர்ந்தெடுத்த இனத்து மிருகத்தைத் தடுப்புக் கார்டு ஒன்றும் செய்ய முடியாது. தடுப்பை மட்டும் நம்பியவர் அன்றைக்கு என்ன செய்வார்?

ஆகவே கண்ட்ரோல் டெக் என்பது எதிரே யார் உட்காரப் போகிறார் என்பதைப் பற்றி நீங்கள் செய்த ஊகம். ஊகம் சரியானால் வெல்ல முடியாத டெக். தப்பினால் தலையணையாக வைக்கக்கூட உதவாது.

மூன்றாவது பலவீனத்தைக் கடிகாரம் சொல்லும். போட்டிகளில் ஒரு மோதலுக்கு 50 நிமிடம். மூன்றில் இரண்டு ஆட்டம் ஜெயிக்க வேண்டும். நேரம் முடிந்தால் இன்னும் ஐந்து முறை மாற்றி மாற்றி ஆடலாம், அதற்குமேல் கிடையாது. ஜெயித்தால் மூன்று புள்ளி, சமநிலை என்றால் ஒன்றே ஒன்று. மெதுவாக ஜெயிக்கும் டெக்குக்கு இது கழுத்தில் கத்தி. மேசையில் ஜெயித்துக்கொண்டே இருப்பீர்கள், தாளில் சமநிலை என்று எழுதுவார்கள். 'சென்சேஸ் டிவைனிங் டாப்' என்ற சின்னக் கார்டு ஒன்று, கட்டின் மேல் மூன்று கார்டைப் பார்த்து அடுக்கி வைப்பது. அதைச் சுற்றி 'மிராக்கிள்ஸ்' என்ற கண்ட்ரோல் டெக் கட்டினார்கள். லெகசி என்ற போட்டி வகையில் அது ஆண்டுக்கணக்கில் கோலோச்சியது. 2017 ஏப்ரலில் அந்தக் கார்டைத் தடை செய்தார்கள். மற்ற டெக்குகளை எழும்ப விடவில்லை என்பதோடு, திரும்பத் திரும்பப் பார்த்து அடுக்குவதில் நேரம் போகிறது என்பதும் காரணம். பாருங்கள், நேரம் தின்றதும் ஒரு குற்றமாக எண்ணப்பட்டது!

அப்படியானால் இந்தப் பலவீனங்களுக்கு மருந்து இல்லையா? இருந்தது. அது வெற்றிவாகை சூடியது எங்கே தெரியுமா? நம்ம சிங்கப்பூரில்!

2011 ஜூன் மாதம் இங்கே கிராண்ட் பிரீ என்ற பெரிய போட்டி நடந்தது. பிரேசிலைச் சேர்ந்த பாவ்லோ வீட்டோர் டாமோ ட ரோசா அதை வென்றார். அவர் கையில் இருந்தது 'கா-பிளேடு' என்ற டெக். அதே ஆண்டு பிப்ரவரியில் பாரிஸில் புரோ டூர் என்ற தொழில்முறைப் போட்டியில் பென் ஸ்டார்க் ஜெயித்ததும் இந்த வகை டெக்கில்தான். இதில் என்ன அதிசயம்? கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம்.

கண்ட்ரோல் ஆடுகிறவருக்கு எப்போதும் ஒரு தர்மசங்கடம் உண்டு. தன் சுற்றில் மானாவைச் செலவழித்து எதையாவது இறக்கினால், எதிராளியின் சுற்றில் தடுக்க மானா இருக்காது. மானாவை மிச்சம் வைத்தால், தான் முன்னேற முடியாது. 'கா-பிளேடு' இதை எப்படித் தீர்த்தது? இரண்டாம் சுற்றில் 'ஸ்டோன்ஃபோர்ஜ் மிஸ்டிக்'. இரண்டு மானா மிருகம், வந்தவுடன் கட்டிலிருந்து ஒரு ஆயுதத்தைத் தேடிக் கையில் கொடுக்கும். தேடுவது 'சோர்ட் ஆஃப் ஃபீஸ்ட் அண்ட் ஃபேமின்' என்ற வாள். இன்னொரு பக்கம் 'ஸ்குவாட்ரன் ஹாக்' என்ற பருந்து. ஒன்று இறங்கினால் கட்டிலிருந்து இன்னும் மூன்று பருந்து கைக்கு வரும். ஒரு கார்டு நான்காகிறது. ஒன்றுக்கு ஒன்று பலம் கொண்ட அற்பப் பறவை. அதன் கையில் வாளைக் கொடுத்தார்கள். வாளோடு பருந்து அடித்தால் எதிராளி கையிலிருந்து ஒரு கார்டு போகும். அதோடு உங்கள் லேண்டெல்லாம் நிமிரும்! அதாவது முதலில் மானாவைச் செலவழித்து மேசையைப் பலப்படுத்தலாம், பிறகு அடிக்கலாம், அடித்ததும் மானா முழுவதும் திரும்பி வரும், அதை வைத்துக்கொண்டு எதிராளியின் சுற்றில் தடுத்துக்கொண்டே இருக்கலாம். சங்கடம் தீர்ந்தது. கூடவே 'ஜேஸ், த மைண்ட் ஸ்கல்ப்டர்' என்ற நான்கு மானாக் கார்டு, சுற்றுக்குச் சுற்று மூன்று கார்டு எடுத்து இரண்டைத் திரும்ப வைக்கும். பருந்தைத் திரும்பக் கட்டில் வைத்து, அடுத்த பருந்து இறங்கும்போது அதையே மறுபடி தேடி எடுப்பார்கள். என்ன நெசவு பாருங்கள்!

ஆட்டுப் பக்கம் ஆடுகிறவருக்கு ஒரு புலியையும் சேர்த்துக் கொடுத்தது போலத்தான். நியாயமா? நியாயமில்லை என்றுதான் முடிவாயிற்று. இங்கே கோப்பை கொடுத்த அதே மாதம் 20-ஆம் தேதி, ஜேஸையும் ஸ்டோன்ஃபோர்ஜையும் ஸ்டாண்டர்ட் என்ற போட்டி வகையிலிருந்து தடை செய்வதாக அறிவித்தார்கள். ஜூலை முதல் தேதி நடப்புக்கு வந்தது. அந்த வகையில் 2005-க்குப் பிறகு நடந்த முதல் தடை அது. என்னைக் கேட்டால், கண்ட்ரோலின் குறை என்ன என்பதற்கு அந்தத் தடையே சாட்சி. அந்தக் குறையை அடைத்த கார்டுகளை ஆட்டமே தாங்கவில்லை.

சரி, நீங்களும் நானும் கட்டும் டெக்குக்கு வருவோம். எப்படிச் சோதிப்பது? உங்கள் நண்பர்களில் வேகமான டெக் வைத்திருப்பவரோடு முதலில் ஆடுங்கள். பிறகு மிருகமே இல்லாத டெக்கோடு ஆடுங்கள். தோற்ற ஆட்டத்தில் உடனே கார்டைக் கலைக்காதீர்கள். இதுதான் இளையர் எல்லோரும் செய்வது, தோற்றதும் கோபத்தில் எல்லாவற்றையும் அள்ளிக் கலைத்துவிடுவார்கள். கையில் மிச்சம் இருப்பதை விரித்து வையுங்கள். இறக்க மானா இல்லாத கார்டா? இறக்கியும் பயனில்லாத கார்டா? முதலாவது என்றால் குறை லேண்டிலும் மலிவுக் கார்டிலும் இருக்கிறது. இரண்டாவது என்றால் ஊகம் தப்பு. பக்கக் கட்டு என்று 15 கார்டு இருக்கிறதே, முதல் ஆட்டம் முடிந்ததும் மாற்றிக்கொள்ள, அதற்கு வேலை அங்கேதான். கையில் ஒன்றுமே மிச்சமில்லாமல் தோற்றீர்களா? அப்படியானால் கூடுதல் கார்டு எடுக்கும் வழி போதாது.

நான்காவதாக ஒரு தோல்வி உண்டு. அது டெக்கின் தோல்வி அல்ல. 1999-இல் மைக் ஃப்ளோரஸ் என்பவர் ஒரு கட்டுரை எழுதினார், இந்த ஆட்டத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றில் மிகப் புகழ்பெற்றது. அவர் சொன்னதன் சாரம், மேசையில் இருவரில் ஒருவர் அடிக்கிறவர், ஒருவர் தடுக்கிறவர், தன் வேடம் எது என்று தெரியாதவர் தோற்பார் என்பது. கண்ட்ரோல் டெக் வைத்திருப்பதாலேயே நீங்கள் எப்போதும் தடுக்கிறவர் ஆகிவிட மாட்டீர்கள். எதிராளி உங்களைவிட மெதுவான கண்ட்ரோல் வைத்திருந்தால்? அப்போது உங்கள் ஆடு எழுந்து முட்டத்தான் வேண்டும்.

கண்ட்ரோலும் கண்ட்ரோலும் மோதினால் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் 2016 அக்டோபரில் ஹொனலூலுவில் நடந்த புரோ டூர் இறுதியாட்டத்தைத் தேடிப் பாருங்கள். ஒரு பக்கம் ஜப்பானின் ஷோட்டா யாசோகா, மறு பக்கம் 2002-இல் சிட்னியில் உலகப் பட்டம் வென்ற பிரேசிலின் கார்லோஸ் ரொமாவோ. இருவருமே கண்ட்ரோல். இருவரிடமும் 'டொரென்ஷியல் கியர்ஹல்க்' என்ற ஆறு மானா இயந்திரம், எதிராளியின் சுற்றிலேயே இறக்கக்கூடியது. யார் முதலில் மானாவைச் செலவழிப்பது? செலவழித்தவர் பக்கம் கதவு திறந்துவிடும். அதனால் லேண்ட் வைப்பதும் காத்திருப்பதுமாகப் போகும். யாசோகா ஜெயித்தார். அவர் கை வேகத்தைக் கவனியுங்கள். கண்ட்ரோல் ஆடியும் கடிகாரம் அவரை மிரட்டியதில்லை. எதிராளி கார்டைத் தொடும் முன்பே இவர் பதிலை முடிவு செய்திருப்பார். நேரப் பலவீனத்துக்கு மருந்து டெக்கில் இல்லை, ஆடுகிறவர் தலையில் இருக்கிறது.

பின்வரிசையில் ஒரு தம்பி அரை மணியாகக் கையைத் தூக்கிக்கொண்டே இருக்கிறார். கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும், "என் டெக் நல்லதா?" என்பதுதான். தம்பி, வெள்ளிக்கிழமை இரவு உங்கள் அக்கம்பக்கக் கடையில், முகம் தெரிந்த பத்துப் பன்னிரண்டு பேரோடு ஆடப் போகிறீர்களா? அவரவர் என்ன ஆடுவார் என்பது அத்துப்படிதானே? அங்கே கண்ட்ரோல் கொண்டு போங்கள், தாராளமாக. தேசிய சேவையிலிருந்து விடுப்பில் வந்த அண்ணன்மார், மலேசியாவிலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள், முன்பின் பார்க்காத நூறு பேர் நிறைந்த மண்டபத்துக்கா? பக்கக் கட்டின் 15 கார்டையும் மேசையில் பரப்பி, ஒவ்வொன்றும் யாருக்கு எதிராக என்று எனக்குச் சொல்லுங்கள். சொல்ல முடியாத கார்டை எடுத்துவிடுங்கள். மைக்கை அவரிடம் கொடுங்கள், ஐயா.